துண்டுக்குள் போன சிரிப்பு

கபீரின் சிரிப்புக்குச் சேதுக்கடல் வானொலி நிலையம் கட்டிய விலை முப்பத்தைந்து ரூபாய். ரெவின்யூ ஸ்டாம்ப் அவரவர் கைக்காசு. அதே முப்பத்தைந்துக்குள் கூத்தையாவின் பேச்சும் அடக்கம், இரண்டு பேரின் பஸ் சார்ஜும் அடக்கம்.

கூத்தையா ஆட்டுத் தரகர். முதுகுளத்தூர்ச் சந்தையில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டால், சுற்றி நிற்கிற வியாபாரிகள் தங்களையறியாமல் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மனுஷன் சர்க்கார் என்றதும் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வந்தார். பேரம் பேசாமல் அவர் முடித்த ஒரே வியாபாரம் அதுதான். மோசம் போனதும் அதில்தான்.

நிகழ்ச்சியின் பெயர் 'ஞாயிறு பேரம்'. எழுபத்தொன்பதில் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம். மைக்குக்கு இந்தப் பக்கம் கூத்தையா, அந்தப் பக்கம் பெரியபட்டினத்துக் கருவாட்டு வியாபாரி கபீர். வாரத்துக்கு ஒரு சரக்கு. அது யாராலும் விற்க முடியாத சரக்காக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஒரு வாரம் கபீர் பாம்பன் காற்றை விற்றார்.

"காத்துக்கு அளவு என்ன மாப்ள? படியா, எடையா?"

"மூச்சுக் கணக்கு. இழுத்தா காசு, விட்டா இலவசம்."

"விடுறதையும் நீயே வச்சுக்க. அதுல கருவாட்டு வாசம் அடிக்குது."

அடுத்த வாரம் கூத்தையா முதுகுளத்தூர் வெயிலை விற்றார். "உனக்கும் மீன் காயப்போட வெயில் வேணும்ல மாப்ள. எங்க ஊரு வெயிலை நம்பி வாங்கலாம். தண்ணி கலக்குற பழக்கமே கிடையாது."

இப்படியே இழுத்து, இறக்கி, ஏசி, எழுந்துபோவது போலப் பாவனை காட்டி, விலை ஓர் இடத்தில் வந்து நிற்கும். அப்போது சந்தை வழக்கப்படி இருவரும் துண்டுக்குள் கையை விடுவார்கள். ஆட்டுச் சந்தையில் கடைசி விலையை வாயால் சொல்வதில்லை. நாலு பேர் காதில் விழுந்தால் அடுத்த ஆட்டின் விலை கெட்டுவிடும். அதனால் கைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். விரலைப் பிடித்தால் கேள்வி. பெருவிரலை அமுக்கினால் சம்மதம். அமுக்கிய பிறகு மாற்றுப் பேச்சுக்கு இடமில்லை. மழை பெய்தாலும் ஆடு செத்தாலும் வியாபாரம் வியாபாரம்தான்.

ரேடியோவிலும் அதையேதான் செய்தார்கள். அதாவது வாரத்துக்கு ஒரு முறை ராமநாதபுரம் ஜில்லா முழுக்க ஒரு மௌனம் ஒலிபரப்பானது. டீக்கடையில் மாஸ்டர் ஆற்றிய டீ கிளாசுக்கு வராமல் நிற்கும். சாயல்குடிப் பக்கம் சீட்டு விளையாடுகிறவர்கள் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். துண்டு சரசரக்கும். கபீர் முதலில் மூக்கால் ஒரு காற்று விடுவார். அப்புறம் தொண்டைக்குள், தண்ணீர் பிடிக்காத பம்புசெட் போல இரண்டு இழுப்பு. அதற்கப்புறம் சிரிப்பு. சிரிப்பு வந்துவிட்டால் பேரம் படிந்தது என்று அர்த்தம். என்ன விலைக்குப் படிந்தது என்பதை இரண்டு பேரும் ஒரு நாளும் சொன்னதில்லை. அதைக் கேட்டு நிலையத்துக்கு மூட்டையாகக் கடிதம் வரும்.

நிலையத்துக்கு மௌனம் ஆகாது. பத்து விநாடிக்கு மேல் சத்தமில்லாமல் போனால் அது பழுது. பழுதென்றால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பொறியாளர் எழுதுவார்: 'மௌனத்தின் காரணம்: விரல்.' மேலிடம் திருப்பிக் கேட்கும்: 'மேற்படி விரல் நிலையத்துக்குச் சொந்தமானதா, வெளியாருடையதா?'

எண்பத்து நாலில் கபீரின் சிநேகிதர் பெரியபட்டினம் வாவு முகம்மது சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ரேடியோ முன்னால் வைத்துப் பதிந்துவிடலாம் என்பது அவர் யோசனை. கூத்தையா நேராக அப்போதைய நிலைய இயக்குநரிடம் போய் விசாரித்தார்.

"எதற்கு வீண் செலவு? உங்கள் குரல் எங்கள் காப்பகத்தில் நூறு வருஷம் இருக்கும்" என்றார் இயக்குநர்.

வாய்ப்பேச்சை நம்பினால் அவர் தரகரா. சட்டென்று துண்டைப் போட்டு இயக்குநரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, ஒரு விரலைப் பற்றினார். ஒரு விரல், நூறு. பதறிப்போன இயக்குநர் கையை உருவிக்கொள்ளப் பார்த்த தடுமாற்றத்தில் கூத்தையாவின் பெருவிரல் அமுங்கியது.

"கேசட்டை வீணாக்காதீக பாய்" என்று வாவு முகம்மதுவிடம் வந்து சொன்னார் கூத்தையா. "சர்க்கார் பெருவிரலை அமுக்கிருச்சு."

துண்டுக்குள் கையை விட்டவன் எவனும் சொல் மாறமாட்டான் என்பது சந்தையில் அறுபது வருஷத்து உண்மை. சந்தைக்கு வெளியேயும் அதுதான் உண்மை என்று எடுத்துக்கொண்டது கூத்தையாவின் கணக்குப் பிசகு.

தொண்ணூற்றொன்றில் 'ஞாயிறு பேரம்' நேயர்களின் விருப்பத்துக்கிணங்க நிறுத்தப்பட்டது. எந்த நேயர் என்று யாருக்கும் தெரியவில்லை. கபீர் கருவாட்டைப் பார்த்தார், கூத்தையா ஆட்டைப் பார்த்தார். இரண்டாயிரத்து மூன்றில் கபீருக்குத் தொண்டையில் புற்று என்று ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தங்கியது, குரல் போனது. இரண்டு வருஷம் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்துவிட்டு, அவரும் போனார்.

துக்கம் முடிந்து ரொம்ப நாள் கழித்துப் பெரியபட்டினம் போன கூத்தையாவிடம், கபீரின் மனைவி ஜுனைதா ஒன்று கேட்டாள்.

"அவுக சட்டை இருக்குண்ணே. செருப்பு இருக்கு. போட்டோ இருக்கு. கடைசியில ரெண்டு வருசம் வீடே சத்தமில்லாமக் கெடந்துச்சுல்ல, அதுல அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடாமப் போச்சு. கிட்ட வாரமாதிரி வருது, வழுக்கிட்டுப் போயிருது. ரேடியோ ஆபீசுல இருக்கும்ல? ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும்."

"இதுக்கா இம்புட்டுத் தயக்கம் தங்கச்சி? சர்க்கார் பெட்டியில பூட்டி வச்சிருக்கு. வாங்கியாந்து தாரேன். நான் ஜாமீன்."

தரகன் ஜாமீன் என்று சொன்னால் அதற்கு ஒரு பொருள்தான். விற்றவன் ஏமாற்றினால் வாங்கினவனுக்குத் தரகன் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஏழு பிப்ரவரியில் அவர் நிலையத்துக்குப் போனபோது வாசலில் துணிப் பதாகை கட்டியிருந்தது: 'வார இறுதிப் பேச்சின் பொற்காலம் – ஏக்கப் பெருவிழா.' வரவேற்பறையில் ஒரு பையன் மைக்கை நீட்டினான்.

"தாத்தா, பெருமூச்சு விடுங்க."

"எதுக்குப்பா?"

"பழைய நிகழ்ச்சிகளை நெனச்சு நேயர்கள் விடுற பெருமூச்சு. ஒலிச்சித்திரத்துக்குச் சேக்குறோம். உள்ள வர்ற எல்லாரும் விடணும்."

கூத்தையா விட்டார். பையன் காதில் மாட்டியிருந்ததை அழுத்திக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இது படியேறி வந்த மூச்சு. கொஞ்சம் பழசா விடுங்க."

நிலைய இயக்குநர் சேதுராமன் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். பழையவர் அல்ல, அவருக்குப் பின் வந்த ஐந்தாவது ஆள். "ஐயா, பழமை எங்கள் உயிர்மூச்சு. இந்த ஆண்டு பழமைக்கென்றே தனி நிதி வந்திருக்கிறது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். அதனால் மார்ச் வரை அனைத்துப் பிரிவினரும் உருகவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறேன். கணக்குப் பிரிவு மட்டும் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது."

"கபீரோட சிரிப்பு வேணும்யா. அவரு வீட்டம்மா கேக்குறா. இங்கன நூறு வருசம் இருக்கும்னு அப்ப இருந்த இயக்குநர் சொன்னாரு."

"தாராளமாக. குரலுக்குரியவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்."

"அவரு மவுத்தாகி ரெண்டு வருசமாச்சு."

"ஆழ்ந்த இரங்கல். அப்படியென்றால் வாரிசுச் சான்றிதழ். குரலுக்கென்று தனியாக."

தாலுகா ஆபீசில் நிலத்துக்கு, வீட்டுக்கு, பேங்குப் பணத்துக்கு வாரிசுச் சான்றிதழ் கொடுத்துப் பழக்கம் உண்டு, குரலுக்குக் கிடையாது. அசையும் சொத்தா, அசையாச் சொத்தா என்று எழுத்தரும் தலைமை எழுத்தரும் மதியச் சாப்பாடு வரைக்கும் வாதாடினார்கள். காற்றில் போகிறது என்பதால் அசையும் சொத்து என்று முடிவானது. சம்பவ இடத்தைப் பார்வையிட வந்த கிராம நிர்வாக அலுவலர், 'குரல் தற்சமயம் அனுபவத்தில் இல்லை' என்று குறிப்பெழுதினார். ஜுனைதா எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு தாளிலும் போடும்போது, "இதோட கேட்டுரலாம்லண்ணே?" என்று கேட்டுக்கொண்டாள்.

சான்றிதழோடு மறுபடி போனார் கூத்தையா. காப்பக அறை குளிரூட்டப்பட்டிருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அலமாரியில் வரிசையாகத் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் 'ஞாயிறு பேரம் – கூத்தையா, கபீர்'. பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துபோனது. சேதுராமன் பையனைப் பார்த்தார். பையன் மைக்கைக் கொண்டுவந்து அந்த நேரத்துப் பெருமூச்சைப் பிடித்துக்கொண்டான்.

முதல் டேப்பை மெஷினில் மாட்டினார்கள்.

"அன்பார்ந்த நேயர்களே," என்றது டேப். "அழிந்துவரும் குரல்களைச் சேமித்து வைப்பது நம் அனைவரின் கடமை. இது 'பாரம்பரியத்தைப் பாதுகாப்போம்' தொடரின் முதல் பகுதி."

இரண்டாவது டேப்பில் இரண்டாம் பகுதி இருந்தது. மூன்றாவதில் மூன்றாம் பகுதி.

"இது யாரு குரலுங்க?"

"முன்னாள் இயக்குநர். நூறு வருஷம் என்று உங்களிடம் சொன்னாரே, அவரேதான். எவ்வளவு கம்பீரம், பாருங்கள்." சேதுராமனின் முகத்தில் சங்கடம் எதுவும் தென்படவில்லை. "தொண்ணூற்றிரண்டில் டேப் தட்டுப்பாடு. பத்து விநாடிக்கு மேல் மௌனம் உள்ள டேப்பெல்லாம் காலி டேப் என்று கருதி, முதலில் பயன்படுத்தச் சொல்லி உத்தரவு. உங்கள் நிகழ்ச்சி ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் மௌனம் இருந்தது. அந்த வகையில் பாரம்பரியத்தைக் காப்பதில் உங்கள் பங்களிப்பே அதிகம். விழாவில் இதைக் குறிப்பிட்டுப் பேசப்போகிறேன்."

கூத்தையா அலமாரியைக் காட்டி ஒவ்வொன்றாக மாட்டச் சொன்னார். கடைசி டப்பாவையும் திறக்கச் சொன்னார். அதிலும் உரைதான். நன்றி வணக்கம் சொல்லி உரை முடிந்தது. மெஷினை நிறுத்தப்போன பையனின் கையை அவர் பிடித்தார்.

டேப்பின் வாலில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரு மௌனம். துண்டு சரசரக்கும் சத்தம். பிறகு மூக்கால் விட்ட ஒரு காற்று. அதோடு டேப் தீர்ந்து, சக்கரத்தில் படபடவென்று அடித்தது.

"இதான்யா" என்றார் கூத்தையா. "இது போதும். இதைக் கேட்டாள்னா மிச்சம் அவளுக்குத் தானா வந்துரும். இதை அப்படியே ஒரு கேசட்டுல போட்டுக் குடுங்க."

"இதில் ஒலி ஒன்றும் இல்லையே ஐயா."

"இருக்கு. நீங்க குடுங்க."

சேதுராமன் யோசித்தார். யோசனையில் அவர் முகம் மலர்ந்தது. "விழா மேடையிலேயே ஒலிபரப்பிவிடுவோம். அந்த அம்மாவை முன்வரிசையில் உட்காரவையுங்கள். அசல் டேப்பை விழா முடிந்ததும் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். இது என் உறுதி."

ஒருமுறை சுட்டுக்கொண்ட கை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. கூத்தையா துண்டைப் போட்டார், கையை இழுத்தார், விரலைப் பிடித்தார். இந்த முறை தடுமாற்றம் இல்லை. சேதுராமன் சிரித்துக்கொண்டே, யாரோ சொல்லிக் கொடுத்தது போலத் தெளிவாக, பெருவிரலை அமுக்கினார். அமுக்கிய கையோடு போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

விழா மார்ச் கடைசி ஞாயிறு, கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது. ஜுனைதா வெள்ளைத் துப்பட்டி போர்த்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாவு முகம்மது. பின்னால் சந்தைத் தரகர்கள் ஒரு கூட்டம், தோளில் துண்டோடு.

சேதுராமன் பேசினார்: "அந்தக் காலத்தில் மக்கள் பேசினார்கள், நாம் கேட்டோம். இன்று அந்தக் குறை நீங்கி, நாம் பேசுகிறோம். பொற்காலம் ஏன் பொற்காலம்? அது முடிந்துவிட்டதால். அதை முடித்துவைத்த பெருமை இந்த நிலையத்துக்கு உண்டு." பலத்த கைதட்டல். தரகர்கள் மட்டும் தட்டவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்போது, மறைந்த கபீர் அவர்களின் சிரிப்பு."

ஜுனைதா துப்பட்டியை ஒதுக்கிக் காதைத் திறந்துவைத்துக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் புல்லாங்குழல் கேட்டது. மௌனம் இருந்த இடத்தில் புல்லாங்குழல். துண்டின் சரசரப்பு இல்லை, மூக்குக் காற்று இல்லை. குழல் தேய்ந்து ஓய, கணீரென்று ஒரு சிரிப்பு புறப்பட்டது. அட்சர சுத்தமான சிரிப்பு. ஏற்றம், இறக்கம், நடுவில் இளைப்பாறல், மறுபடி ஏற்றம். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கபீரை வாழ்நாளில் கேட்டறியாதவர்கள்கூட கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இரைச்சலையெல்லாம் நீக்கிச் சுத்தப்படுத்தி, குறைபட்டிருந்த சிரிப்பை நிறைவு செய்திருக்கிறோம்," என்று அறிவித்தார் சேதுராமன். "சிரித்து உதவியவர், பரமக்குடியில் வங்கி ஊழியராகப் பணிபுரியும் பலகுரல் கலைஞர். அவருக்கும் ஒரு கைதட்டல்."

கூத்தையாவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு கேடயம், ஒரு குறுந்தகடு. மைக்கை வாய்க்கு நேராக நீட்டி, "அசல் போலவே இருந்ததா ஐயா? ஆமாம் என்று ஒரு வார்த்தை" என்றார்கள். அவர் மைக்கைத் தள்ளிவிட்டுச் சேதுராமனின் காதுக்குக் குனிந்தார்.

"அந்தப் பழைய டேப்பைக் குடுத்துருங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

"அது எப்படி ஐயா இப்போது முடியும்?" சேதுராமன் மேடை ஓரத்தில் சுற்றிக்கொண்டிருந்த பெரிய மெஷினைப் பரிவோடு காட்டினார். "பொற்கால விழாவைப் பொற்கால டேப்பில்தானே பதியவேண்டும். உங்களுடையதில்தான் பதிவாகிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு பொருத்தம், பாருங்கள்."

சக்கரம் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கூத்தையாவைத் தொடர்ந்து நன்றியுரை வழங்க ஒருவர் வந்தார். நன்றியுரை நீளமானது. அது முடியும்போது டேப்பின் வாலும் முடிந்தது.

பின்வரிசையில் ஒரு தரகர் எழுந்து, "ஏலே கூத்தையா, இந்த யாவாரத்துக்கு யாருலே ஜாமீன்?" என்று சத்தமாகக் கேட்டார். கேட்டவர் அப்புறம் உட்காரவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து அவர் பின்னாலேயே போனார்கள்.

பெரியபட்டினம் பஸ்ஸில் ஜுனைதா ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின் இருக்கையில் கூத்தையாவும் வாவு முகம்மதும். வாவு முகம்மது சிங்கப்பூர் டேப் ரிக்கார்டரைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அதைச் சொல்லிக் காட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கூத்தையாவுக்கு.

ஜுனைதாதான் திரும்பாமலே கேட்டாள். "அண்ணே, அவுகளுக்கு இம்புட்டு நல்லாச் சிரிக்க வராதுல்ல?"

"வராது தங்கச்சி. அவன் கேவலமாச் சிரிப்பான்."

"அதான பாத்தேன்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னாள். "முன்னாடியாச்சும் கிட்ட வந்து வழுக்கிட்டுப் போகும். இப்ப யோசிச்சா, இன்னைக்குக் கேட்டதுதாண்ணே வந்து நிக்குது. தள்ளிவிட்டாலும் போக மாட்டேங்குது."

கூத்தையா கண்ணை மூடிக் கபீரைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஸ்டூடியோ வந்தது. துண்டு வந்தது. துண்டுக்குள் கபீரின் கை, உப்புப் பூத்த விரல்கள், எல்லாம் சரியாக வந்தன. கடைசியில் சிரிப்பு வரவேண்டிய இடத்தில், பரமக்குடி வங்கி ஊழியர் கணீரென்று சிரித்தார்.

அவர் மடியிலிருந்த பொன்னாடையைக் கையின் மேல் போட்டுக்கொண்டார். உள்ளே அவருடைய கை மட்டும் தனியாக இருந்தது. சந்தை கலைந்தபின் தரகன் செய்வதைப் போல, விரல் விட்டுக் கணக்கை முடித்தார்.

வரவு: பொன்னாடை ஒன்று. கேடயம் ஒன்று. குறுந்தகடு ஒன்று. டீயும் முறுக்கும்.

செலவு: மூக்குக் காற்று ஒன்று. அதுவரைக்கும் தொலையாமல் இருந்தது.

நிலுவை: சிரிப்பு ஒன்று. விற்றவர், சேதுக்கடல் வானொலி நிலையம். வரவேண்டியது, பெரியபட்டினம் ஜுனைதாவுக்கு. கொடுக்கவேண்டியவர், ஜாமீன் நின்ற கூத்தையா, முதுகுளத்தூர்.

தரகு: தள்ளுபடி.